பொருள் பொதிந்த காஞ்சிப் பட்டுச் சேலையை நெய்யக் கொடுப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போகிறவர்கள் நிறத்தைப் பார்க்கிறார்கள், ஜரிகையைப் பார்க்கிறார்கள், விலையைப் பார்க்கிறார்கள். கரையில் நெய்திருப்பது என்ன என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. அன்னம், யாளி, ருத்ராட்சம், தாழம்பூ, மாங்காய் என்று காஞ்சிபுரத்துத் தறியில் ஏறிய ஒவ்வொரு உருவமும் கோயில் தூணிலிருந்தோ, கதையிலிருந்தோ, வீட்டு வழக்கத்திலிருந்தோ வந்தது. அதைத் தெரிந்துகொண்டு, உடுத்தப் போகிறவருக்குப் பொருந்தும் சின்னத்தைத் தேர்ந்து, நெசவாளரிடம் சொல்லி நெய்து வாங்க இன்றும் வழி இருக்கிறது. அந்த வழியைத் தொடக்கத்திலிருந்து சொல்வதுதான் இந்தக் கட்டுரை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு சேலைக்கு ஒரு சின்னம் போதும். கடையில் அடுக்கியிருக்கும் பல சேலைகளில் கரையில் யானை, உடலில் மயில், முந்தியில் தேர், நடுவில் தாமரை என்று எல்லாம் கலந்து கிடக்கும். அவை கண்ணைப் பறிக்கும், ஆனால் மனதில் எதுவும் தங்காது. ஒரே சின்னத்தைக் கரையிலும் முந்தியிலும் வேறு வேறு அளவில் வைத்து நெய்த சேலையை ஒருமுறை பார்த்தவர்கள் மறப்பதில்லை.

படி 1: யாருக்கு, எதற்கு என்று எழுதிக்கொள்ளுங்கள்

தறிக்காரரிடம் போவதற்கு முன் ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதுங்கள். யார் உடுத்தப் போகிறார், எந்தச் சடங்குக்கு, அதற்குப் பிறகு எங்கெல்லாம் உடுத்துவார். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முகூர்த்தச் சேலை ஒரு நாளோடு பெட்டிக்குள் போய்விடுவதற்கு முக்கியக் காரணம், அது முகூர்த்தத்தை மட்டுமே மனதில் வைத்து நெய்யப்பட்டதுதான். பெண் ஆசிரியையாக இருந்தால், ஆண்டு விழாவுக்கும் கோயிலுக்கும் உடுத்தும்படி கரையை அளவாக வைக்கச் சொல்லலாம்.

வீட்டு வழக்கத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். பல குடும்பங்களில் முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் தரும் சேலைதான் கூறைச்சேலை. ஈழத் தமிழர் திருமணங்களிலும் கூறையும் தாலியும் மாப்பிள்ளை வீட்டிலிருந்துதான் வரும். மயிலாடுதுறையை அடுத்த கூறைநாடு, பட்டும் பருத்தியும் கலந்த கட்டம் போட்ட கூறைப்புடவைக்குப் பெயர்பெற்ற ஊர். உங்கள் வீட்டு வழக்கம் அரக்கு நிறத்தில் ஒன்பது கஜம் என்றால் அதைத்தான் தொடக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும். பாட்டியிடமோ பெரியம்மாவிடமோ கேட்டால், "நம் வீட்டில் இந்த நிறம் ஆகாது", "இந்தப் பூ நம் குலதெய்வத்துக்கு உரியது" என்று ஏதாவது ஒன்று கட்டாயம் வரும். அந்த ஒரு செய்தியே பல நேரங்களில் சின்னத்தை முடிவு செய்துவிடும்.

படி 2: சின்னங்களை அறிந்து தேர்ந்தெடுங்கள்

இதில் அவசரம் வேண்டாம். ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் தேர்வு உங்களுடையதாகும்.

அன்னம். பாலையும் நீரையும் பிரித்துப் பாலை மட்டும் பருகும் என்பது பழைய நம்பிக்கை. நளனுக்கும் தமயந்திக்கும் இடையே தூது போனதும் அன்னம்தான். நல்லதைப் பிரித்தெடுக்கும் அறிவு, காதலுக்குத் துணை நிற்கும் தூது என்ற இரண்டு பொருளும் ஒரே பறவையில் இருக்கின்றன. திருமணச் சேலைக்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் என் கண்ணில் பட்டதில்லை.

மாங்காய். இந்தியா முழுவதும் துணிகளில் காணும் வடிவம்தான். ஆனால் காஞ்சிபுரத்தில் இதற்குத் தனி வேர் உண்டு. ஏகாம்பரநாதர் கோயிலின் தலமரம் மாமரம். அம்மன் அந்த மாமரத்தடியில் மணலால் லிங்கம் பிடித்துப் பூஜித்து, சிவனை மணந்ததாகத் தலபுராணம் சொல்லும். காஞ்சித் தறியில் நெய்த மாங்காயைத் தவமிருந்து கைகூடிய திருமணத்தின் அடையாளமாகக் கொள்ளலாம்.

யாளி. சிங்க உடல், துதிக்கை, பிதுங்கிய கண். காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்துத் தூண்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கோயிலைக் காக்கும் விலங்கு. கரையில் வரிசையாக நின்றால் உடுத்தியவருக்குக் காவல். துணிச்சலான பெண்ணுக்கு, புதிதாகத் தொழில் தொடங்குகிறவருக்கு, மேடை ஏறுகிறவருக்கு நன்றாகப் பொருந்தும்.

இருதலைப்பட்சி. இரண்டு தலை, ஓர் உடல். கண்டபேருண்டம் என்றும் சொல்வார்கள். விஜயநகர அரசர் அச்சுதராயரின் பொற்காசுகளில், அலகிலும் நகங்களிலும் யானைகளைப் பற்றிய நிலையில் இதைப் பார்க்கலாம். பிறகு மைசூர் அரச குடும்பத்தின் இலச்சினையானது. வலிமையின் சின்னம். இரண்டு தலை ஓர் உடல் என்பதைத் தம்பதியருக்கு உரியதாகவும் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். பழைய பொருள் அரச வலிமைதான், மற்றது நாம் ஏற்றியது. இரண்டையும் தெரிந்துகொண்டு தேர்ந்தால் தவறில்லை.

தாழம்பூ ரேக்கு. கரையிலிருந்து உடலுக்குள் நீண்டு கூராக ஏறும் ஜரிகைப் பற்கள். இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அண்ணாமலையில் தீப்பிழம்பாக நின்ற சிவனின் முடியைக் கண்டதாகப் பிரமன் சொன்ன பொய்க்குத் தாழம்பூ சாட்சி சொன்னது. அதனால் சிவபூஜையில் அதற்கு இடமில்லாமல் போனது. ராமநாதபுரம் மாவட்டம் உத்தரகோசமங்கையில் மட்டும் விலக்கு, அங்கே சுவாமிக்குத் தாழம்பூ சாத்துகிறார்கள். சந்நிதியில் ஒதுக்கப்பட்ட பூ, பெண்களின் ஜடையிலும் சேலைக் கரையிலும் கொண்டாடப்பட்டிருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. பிழையை மன்னித்து ஏற்றுக்கொள்வதன் அடையாளமாக இதைத் தேர்ந்தவர்களும் உண்டு.

ருத்ராட்சம். மணி மணியாகக் கோத்த கரை. சைவக் குடும்பங்களில் அறுபதாம் கல்யாணத்துக்கு மிகவும் ஏற்றது. இளம்பெண்ணின் வரவேற்புச் சேலைக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அந்தச் சின்னத்தில் ஒரு நிதானம் இருக்கிறது, அது வயதோடு சேரும்போதுதான் அழகு.

மயில் முருகனுக்கு உரியது. மயில் உருவமாக வேண்டாம் என்றால் தோகையின் கண்ணை மட்டும் எடுத்த மயில்கண் இருக்கிறது, அதையொட்டிக் குயில்கண்ணும் இருக்கிறது. கிளி என்றால் மீனாட்சியும் ஆண்டாளும். தாமரையும் யானையும் சேர்ந்தால் கஜலட்சுமி. வங்கி, தோளில் அணியும் நகையின் வளைவிலிருந்து வந்த கோலம். மல்லிமொக்கு, பூக்கட்டத் தெரிந்த எந்த வீட்டுக்கும் சொந்தம். உருவமே வேண்டாம் என்பவர்களுக்குக் கட்டம் போதும். இரண்டு நிறத்தில் பொடிப்பொடியாக வரும் பாலும் பழமும் கட்டத்துக்கு, மணமக்களுக்குப் பாலும் பழமும் கொடுக்கும் சடங்கே பொருள்.

கோபுரக் கரையைத் தனியாகச் சொல்ல வேண்டும். உடலும் கரையும் சேரும் இடத்தில் முக்கோணங்கள் வரிசையாக நிற்கும். இது வரைந்து வைத்த அலங்காரம் மட்டுமில்லை, நெய்யும் முறையிலேயே பிறப்பது. எப்படி என்று, உடலையும் கரையையும் தனித்தனி நூலால் நெய்தபடியே கோக்கும் கோர்வை முறை பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

தெய்வத் திருமுகங்களை நெய்வதைப் பற்றி என் கருத்து உறுதியானது: வேண்டாம். கணினியில் வரைந்து எந்தப் படத்தையும் துணியில் ஏற்ற முடிகிற காலம் இது. ராதா கல்யாணம், தசாவதாரம், மணமக்களின் முகமே கூடச் சேலையில் வருகின்றன. ஆனால் சேலையைக் கட்டிக்கொண்டு உட்காருவோம், கொசுவம் தரையில் புரளும், முந்தியில் கை துடைப்போம். சாமியின் முகம் அங்கே இருக்கலாமா? நம் முன்னோர் முருகனைச் சொல்ல மயில்கண்ணையும், பெருமாளைச் சொல்லச் சங்கு சக்கரத்தையும், அம்மனைச் சொல்லத் தாமரையையும் வைத்தது இந்தக் கூச்சத்தால்தான் என்று நினைக்கிறேன்.

படி 3: நிறம்

நிறமும் பேசும். அரக்கும் மஞ்சளும் மங்கலம். பச்சை வளமை. மயில்கழுத்து நிறம் வேண்டுமானால் ஒரே சாயத்தில் கிடைக்காது. பாவு (நீளவாக்கில் கட்டும் இழை) ஒரு நிறம், ஊடை (குறுக்கே ஓடும் இழை) இன்னொரு நிறம் என்று நீலத்தையும் பச்சையையும் குறுக்கே நெய்தால்தான், உடுத்தியவர் அசையும்போது ஒன்று மறைந்து மற்றொன்று தெரியும். எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்தி, அவர் பெயராலேயே 'எம்.எஸ். புளூ' என்று அழைக்கப்படும் நீலத்தை இன்றும் கேட்டு வாங்குகிறார்கள்.

கறுப்பை அமங்கலம் என்று ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். சில வீடுகளில் கர்ப்பிணிக்கு 'மசக்கைக் கறுப்பு' என்று கறுப்புச் சேலையே எடுத்துக் கொடுப்பார்கள், கண்ணேறு படாமல் இருக்க. வளைகாப்புக்குச் சேலை நெய்யக் கொடுக்கிறீர்கள் என்றால் இதை வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

நிறத்தைக் கைப்பேசிப் படத்தில் காட்டிச் சொல்லாதீர்கள். ஒரு துண்டுத் துணியோ நூலோ கொண்டு போங்கள். சாயம் போடுபவர் அதை வெயிலில் பிடித்துப் பார்த்துத்தான் கலப்பார்.

படி 4: சேலையில் எந்த இடத்தில்?

ஆறு கஜச் சேலை மேசையில் விரித்திருக்கும்போது ஒன்று, உடம்பில் ஏறியபின் வேறொன்று. நெய்யக் கொடுப்பவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கொசுவம் வைக்கும் பகுதியில் பெரிய புட்டா (உடலில் தனித்தனியாக நெய்யும் உருவம்) வைத்தால் அது மடிப்புக்குள் பாதி ஒளிந்து, தலை ஓரிடம் வால் ஓரிடமாகத் தெரியும். அங்கே சின்னப் புட்டாவோ வெறும் உடலோ போதும். கீழ்க் கரை முழுவதும் வெளியே தெரியும். மேல் கரை இடுப்பில் சொருகிய பகுதியில் மறைந்து, மாராப்பில் மட்டும் வெளிப்படும். அதனால் கீழ்க் கரையை அகலமாகவும் மேல் கரையைச் சிறிதாகவும் வைப்பது பழைய வழக்கம். இரண்டு கரையும் இரண்டு நிறமாக இருந்தால் கங்கா ஜமுனா.

அடுத்தது உருவம் நிற்கும் திசை. கீழ்க் கரையில் அன்னம் தரையை நோக்கிக் கால் வைத்து நிற்கும். அதே கரை தோள் வழியாக முந்திக்குப் போகும்போது செங்குத்தாகத் திரும்பிவிடும், அன்னமும் படுத்துக்கொள்ளும். இதைத் தவிர்க்க முடியாது. ஆனால் முந்தியில் குறுக்கே வரும் பட்டைகளில் அன்னத்தை நிமிர்ந்து நிற்க வைக்கலாம்: அதன் தலை சேலையின் உடலை நோக்கியும், கால் முந்தியின் நுனியை நோக்கியும் இருக்க வேண்டும். முதுகில் தொங்கும்போது நேராகத் தெரியும். இதை நெசவாளரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். எதிரெதிராக நிற்கும் இரண்டு பறவைகளா, ஒரே திசையில் நடக்கும் வரிசையா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். எதிரெதிர் என்றால் சந்திப்பு, வரிசை என்றால் பயணம்.

என் சிபாரிசு இது: முந்தியில் சின்னம் பெரிதாக, கரையில் அதுவே சிறிதாக, உடலில் ஒன்றும் வேண்டாம். ரவிக்கைத் துணியின் கையில் கரை மட்டும் வரட்டும். சென்னையின் கலாக்ஷேத்ரா நடனப் பள்ளியை 1936-இல் நிறுவிய ருக்மிணி தேவி, அங்கே தறிகளையும் வைத்துப் பழைய கோபுரக் கரைகளையும் கட்டங்களையும் மீண்டும் நெய்ய வைத்தார். அந்தச் சேலைகளின் கம்பீரம், ஒன்றும் நெய்யாமல் விட்ட உடலால் வந்தது.

படி 5: வரைபடம்

சின்னத்தைத் துணியில் ஏற்ற முதலில் கட்டம் போட்ட தாளில் வரைய வேண்டும். ஒரு கட்டம் என்பது பாவும் ஊடையும் சந்திக்கும் ஒரு புள்ளி. தறிக்கு மேலிருந்து பாவு இழைகளைத் தூக்கும் ஜக்கார்டு பெட்டியில் எத்தனை கொக்கி இருக்கிறதோ அத்தனை கட்டம்தான் உருவத்தின் அகலம். 120 கொக்கி, 240 கொக்கி என்று பேசுவார்கள். வரைந்ததைப் பார்த்து அட்டையில் துளையிடுவார்கள், ஊடைக்கு ஓர் அட்டை. ஜக்கார்டு வருவதற்கு முன் கயிறுகளைக் கட்டித் தூக்கும் 'அடை' முறையில் இதே வேலை நடந்தது, தறிக்கு மேலோ பக்கத்திலோ இன்னோர் ஆள் வேண்டும்.

அன்னத்தின் கழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பென்சிலில் வளைத்து வரைந்தால் வழவழப்பாக இருக்கும். கட்டத்தில் அது படிப்படியாகத்தான் ஏறும்: ஒன்று மேலே, ஒன்று பக்கத்தில், இரண்டு மேலே, ஒன்று பக்கத்தில். கட்டம் குறைவாக இருந்தால் கழுத்து உடைந்த குச்சியாகிவிடும். அனுபவமுள்ள வரைபவர் கழுத்தைத் தடிமனாக்கி, வளைவைப் பெரிதாக்கி, கண்ணுக்கு ஒரே ஒரு கட்டத்தைக் காலியாக விடுவார். அந்த ஒற்றைக் காலிக் கட்டத்தில் அன்னத்துக்கு உயிர் வந்துவிடும். பழைய சின்னங்கள் தறிக்காகவே செதுக்கப்பட்டவை என்பது இப்போது விளங்கும். இணையத்தில் எடுத்த படத்தை அப்படியே நெய்யச் சொன்னால் அந்தச் செதுக்கல் இருக்காது.

வரைபடத்தை அச்செடுத்து, சேலையில் வரப்போகும் உண்மை அளவில் தரச் சொல்லுங்கள். சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். என்ன உருவம் என்று தெரியவில்லையென்றால் எளிமையாக்கச் சொல்லுங்கள். கல்யாண மண்டபத்தில் உங்களைப் பார்ப்பவர்கள் அந்தத் தூரத்தில்தான் இருப்பார்கள்.

படி 6: நெசவாளரிடம் பேசுவது

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளில் வீட்டுக்குள்ளேயே குழித்தறி இருக்கும். நேரில் போகத் தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களை அணுகலாம். வடிவமைப்பு பற்றிய தொழில்நுட்ப உதவிக்கு ஊரிலேயே நெசவாளர் சேவை மையம் இருக்கிறது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தறியில் ஏறும் பாவு ஒரு சேலைக்கு மட்டும் போடப்படுவதில்லை. வழக்கமாக இரண்டு மூன்று சேலைக்குச் சேர்த்துத்தான் போடுவார்கள். நீங்கள் கேட்கும் நிறத்துக்குத் தனிப்பாவு வேண்டுமென்றால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழும். அக்கா தங்கை, மாமியார் மருமகள் என்று சேர்ந்து ஒரே பாவில் நெய்துகொண்டால் செலவு குறையும். உடல் நிறத்தின் பாவு ஒன்றாக இருந்தாலும் ஊடையும் கரையும் முந்தியும் மாற்றி, மூன்றையும் மூன்று விதமாக ஆக்க முடியும். ஒரே குடும்பத்துப் பெண்கள் ஒரே பாவில் பிறந்த சேலைகளை உடுத்துவதே ஒரு பொருள்தான்.

கேட்க வேண்டியவை:

- "ஐயா, கரை கோர்வையா? ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா?"
- "முந்திக்குப் பாவை மாற்றி ஒட்டுவீர்களா, ஊடையை மட்டும் மாற்றுவீர்களா?"
- "ஜரிகை அசலா? எத்தனை மார்க் ஆகும்?" ஜரிகையை மார்க் கணக்கில்தான் பேசுவார்கள், அது கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு.
- "வெள்ளி எத்தனை சதவீதம், தங்கம் எத்தனை என்று ரசீதில் எழுதித் தருவீர்களா?"

பேரம் பேசலாம், ஆனால் கூலியில் பேசாதீர்கள். ஜரிகையைக் குறையுங்கள், கரையைச் சிறிதாக்குங்கள், புட்டாவை எடுத்துவிடுங்கள். பட்டின் விலையும் வெள்ளியின் விலையும் யாருக்கும் இறங்கி வராது. இறங்குவது நெய்கிறவரின் சாப்பாடு மட்டும்தான்.

நேரம் கொடுங்கள். பட்டுநூலைச் சோப்புப் போட்டுக் கொதிக்க வைத்துப் பசை நீக்க வேண்டும். பச்சைப் பட்டின் எடையில் கிட்டத்தட்ட கால் பங்கு இந்தப் பசைதான். பிறகு சாயம், காய வைத்தல், பாவு ஓடுதல், விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போடுதல், தறியில் ஏற்றிப் பிணைத்தல். அதன்பிறகுதான் நெசவு. அட்டை புதிதாக அடிக்க வேண்டியிருந்தால் முகூர்த்தத்துக்கு மூன்று நான்கு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாவு காயாது, அதையும் கணக்கில் வையுங்கள்.

பட்டே வேண்டாம் என்பவர்களும் உண்டு. காஞ்சி மடத்தின் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள், பூச்சிகளைக் கொன்று எடுக்கும் பட்டைத் தவிர்க்கச் சொன்னவர். பட்டு வேண்டாதவர்கள் இதே கோர்வையை, இதே சின்னத்தைப் பருத்தியில் நெய்துகொள்ளலாம். பொருள் நூலில் குறையாது.

படி 7: நெய்யும்போது ஒருமுறை போய்ப் பாருங்கள்

கோர்வையைக் கண்ணால் பார்த்தவர்கள் அதற்குப் பிறகு சேலையைத் தூக்கி எறிந்து மடிக்க மாட்டார்கள். இரண்டு பக்கமும் கோர்வை என்றால் மூன்று நாடா, அதாவது ஊடை நூலைப் பாவுக்குள் கொண்டு போகும் கட்டைகள். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. குழியில் கால் வைத்து உட்கார்ந்திருப்பவர் மிதிக்கிறார், பாவு பிளக்கிறது. கரை நாடா கரைக்குள் மட்டும் போய் நிற்கிறது. உடல் நாடா அதே பிளவில் வந்து, கரை நூலின் கழுத்தைப் பிடித்துத் திரும்புகிறது. மறுபக்கம் துணைக்கு உட்கார்ந்திருப்பவர், பெரும்பாலும் மனைவி, தன் நாடாவை எதிர்கொண்டு அனுப்புகிறார். அதன்பின், ஊடையை நெருக்கும் சீப்புப் போன்ற அச்சு வந்து அடிக்கிறது. இப்படி ஒவ்வோர் ஊடைக்கும், ஆறு கஜம் முழுவதும். பிடி கொஞ்சம் இறுகினால் கரை சுருங்கும், தளர்ந்தால் கண் விடும். இருவர் கையும் ஒரே தாளத்தில் போக வேண்டும்.

கோபுரக் கரை பிறப்பது இங்கேதான். உடலின் ஊடை கரையின் எல்லையில் நின்றுவிடாமல் முதலில் ஒரு படி உள்ளே போகிறது, அடுத்ததில் இன்னும் கொஞ்சம், அடுத்ததில் இன்னும் கொஞ்சம். உச்சியைத் தொட்டதும் அதே படிகளில் திரும்புகிறது. ஒரு முக்கோணம் முடிகிறது. எந்த இழையில் திரும்ப வேண்டும் என்பதில் ஒன்று தவறினாலும் கோபுரம் சாயும்.

முந்தி வரும்போது வேலை இன்னும் நுணுக்கம். உடலும் முந்தியும் வேறு நிறமென்றால் பாவையே மாற்ற வேண்டும். ஆயிரக்கணக்கான பழைய இழைகளோடு புதிய நிற இழைகளை ஒவ்வொன்றாகக் கையால் இணைக்கிறார்கள். இதைத்தான் பிட்னி என்கிறார்கள். சேரும் இடத்தில் இரண்டு நிறமும் கலந்த ஒரு சிறு பட்டை விழும். சிலர் அதைக் குறை என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்க வருகிறார்கள். அந்தப் பட்டை கைவேலையின் சாட்சி, அதைத் தேடிப் பார்த்து வாங்க வேண்டும்.

போகும்போது நெசவாளரை அவசரப்படுத்தாதீர்கள். படம் எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். வேறொருவருக்கு நெய்யும் டிசைனும் அங்கே இருக்கக்கூடும்.

படி 8: வாங்கும்போது பார்க்க வேண்டியவை

சேலையைத் திருப்பிப் போட்டு, உடலும் கரையும் சேரும் கோட்டில் விரலை ஓட்டுங்கள். கோர்வை என்றால் பின்பக்கம் நூல்கள் பின்னிக்கொண்ட மேடு விரலில் தட்டும். இரண்டையும் லேசாக எதிரெதிரே இழுங்கள். நல்ல கோர்வை பிரியாது.

ஜரிகை ஓர் இழையைப் பிரித்து நகத்தால் சுரண்டுங்கள். அசல் ஜரிகையில் வெள்ளித் தகடு சுற்றியிருப்பது பட்டு இழையின் மேல், பெரும்பாலும் அது சிவப்பாக இருக்கும். வெள்ளையாக பாலியெஸ்டர் இழையோ, செம்பின் நிறம் மட்டுமோ வந்தால் கேள்வி கேளுங்கள். பட்டு இழையைக் கொளுத்தினால் முடி கருகும் வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். உருண்டையாக இறுகினால் அது பட்டு இல்லை. மத்தியப் பட்டு வாரியத்தின் சில்க் மார்க் முத்திரை பட்டுக்கு மட்டுமே உறுதி. ஜரிகைக்கும் கைத்தறிக்கும் அது பொறுப்பேற்காது. காஞ்சிப் பட்டுக்கு 2005-06 முதல் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தப் பெயரில் விற்பவர் அதற்குரிய சான்றைக் காட்டட்டும்.

கடைசியாக, வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சின்னத்தை ஒப்பிடுங்கள். அன்னத்தின் கண் இருக்கிறதா, முந்தியில் நிமிர்ந்து நிற்கிறதா, எல்லாப் பறவையும் ஒரே அளவா. கைவேலையில் சின்னச் சின்ன வேறுபாடு வரும், அதைக் குறையாக எண்ண வேண்டாம். தலைகீழாக நின்றால் மட்டும் பேசுங்கள்.

படி 9: உடுத்துவதும் காப்பதும்

வாசனைத் திரவியத்தைச் சேலை கட்டுவதற்கு முன்பே அடித்துக்கொள்ளுங்கள், ஜரிகையில் பட்டால் கறுக்கும். கழற்றியதும் மடித்து வைக்காமல், நிழலில் ஒரு மணி நேரமாவது காற்றாட விடுங்கள். கொக்கியில் நாள்கணக்கில் தொங்கவிட்டால் ஜரிகையின் எடையே சேலையை இழுத்துவிடும். வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள், பிளாஸ்டிக் உறை வேண்டாம். அந்துருண்டை ஜரிகையைத் தொடவே கூடாது. வசம்பைத் துணியில் முடிந்து பெட்டி மூலையில் வைத்தால் போதும். சில மாதத்துக்கு ஒருமுறை பிரித்து மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் ஜரிகை அந்தக் கோட்டில்தான் முறியும்.

சேலையைச் சுற்றிய துணிக்குள் ஒரு தாளும் இருக்கட்டும். யாருக்காக, எந்தச் சடங்குக்கு, ஏன் இந்தச் சின்னம், நெய்தவர் பெயர், ஊர், ஆண்டு. வரைபடத்தின் ஒரு பிரதியையும் அதோடு வையுங்கள். நாளைக்கு உடல் நைந்து போனாலும் கரையும் முந்தியும் பெரும்பாலும் உறுதியாகத்தான் இருக்கும். வெள்ளிக்காக எடைக்குப் போடுவதற்கு முன், கரையைப் பிரித்துப் புதுப் பட்டில் வைத்துத் தைக்கலாம். வரைபடம் கையில் இருந்தால் அதே அன்னத்தை இன்னொரு பாவில் மறுபடியும் நெய்யக் கொடுக்கலாம்.